விரற்கடை வீரர்களுக்கு வண்ணம் எதற்கு?

மேசைப் போர் விளையாட்டின் விதிகள் வண்ணத்தைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்வதில்லை. ஒரு படைப்பிரிவு ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் நகரலாம், பகடையில் எத்தனை விழுந்தால் குண்டு பட்டதாகக் கொள்ளலாம், எப்போது அணி குலைந்து ஓடும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். சட்டை மடிப்பில் நிழல் தீட்டியிருக்கிறதா என்று எந்தப் பகடையும் கேட்பதில்லை. இருந்தும் இதில் இறங்கியவர்களில் பலர் ஆடுவதைவிட அதிக நேரம் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் உயரம், அதாவது சுமார் ஒன்றரை விரற்கடை. அந்த அளவில் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த வீரர்கள் நூறு பேர், இருநூறு பேர். ஒவ்வொருவருக்கும் தோல் நிறம், சட்டை, வார், துப்பாக்கிக் கட்டை, அதன் இரும்பு, காலடியில் மண், புல்.

ஆட்டத்துக்குத் தேவையில்லாத இந்த உழைப்பு எதற்கு? தேவை என்றால், எவ்வளவு? அதை யார் செய்ய வேண்டும்? பிரஷ்யப் படை அதிகாரிகள் முதல் இன்றைய பெருநிறுவனங்கள் வரை இருநூறு ஆண்டுகளாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பல ஒன்றுக்கொன்று முரணானவை. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் தனி உருவத்தை மனத்தில் வைத்துப் பேசினார்கள்; மேசையில் நிற்பதோ படை. விவாதத்தின் குழப்பங்களில் பாதிக்குமேல் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வந்தவை என்று தோன்றுகிறது.

குறியாக வண்ணம்

1812இல் ஜார்ஜ் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ஒரு போர் மேசையை அளித்தார். ஆறு, சாலை, குன்று ஆகியவை புடைப்பாக அமைந்து வண்ணம் பூசப்பட்ட சதுரப் பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கி நிலப்பரப்பை உருவாக்கலாம். அவருடைய மகன் 1824இல் அதையே நிலப்படத்தின் மேல் ஆடும் விளையாட்டாகத் திருத்தி விதிகளை வெளியிட்டார். அரசருக்கான மேசையில் அழகு இருந்தது. படை அதிகாரிகளுக்கான ஆட்டத்தில் அது கைவிடப்பட்டு, நீலமும் சிவப்புமான சிறு கட்டைகள் மட்டும் மிஞ்சின. நீலம் ஒரு பக்கம், சிவப்பு மறுபக்கம். கட்டையின் மேல் உள்ள குறி காலாளா, குதிரையா, பீரங்கியா என்று சொல்லும்.

வண்ணம் என்பது தகவல் என்ற நிலைப்பாட்டின் தூய வடிவம் இது. நம் பக்கத்துக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு என்று இன்றும் பல நாட்டு ராணுவ வரைபடங்கள் காட்டுவது இதே மரபின் தொடர்ச்சி. மேசை விளையாட்டிலும் இதற்கு வாரிசுகள் உண்டு. எந்த அணி எங்கே நிற்கிறது, யாரிடம் என்ன ஆயுதம் என்று எதிராளி ஒரே பார்வையில் அறிய வேண்டும்; வண்ணத்தின் கடமை அவ்வளவே என்பார்கள் அவர்கள்.

வாதம் தெளிவானது. ஆனால் அது விளக்குவது குறைவு. தகவல்தான் நோக்கம் என்றால் அடித்தட்டின் விளிம்பில் ஒரு கோடு இழுத்தால் போதும். அட்டைத் துண்டுகளை வைத்தே ஆடலாம், ஆடுபவர்களும் இருக்கிறார்கள். குதிரையின் நெற்றியில் வெள்ளைத் திலகம் வைத்தவர் எந்தத் தகவலைத் தெரிவிக்கிறார்? வண்ணம் குறியாகவும் இருக்கிறது, அதற்கு மேலும் ஏதோவொன்றாக இருக்கிறது. அந்த ‘மேலும்’ எங்கிருந்து வந்தது என்பதற்குப் பொம்மைக் கடைகளின் பக்கம் போக வேண்டும்.

பளபளக்கும் பொம்மை

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் யோஹான் காட்ஃபிரீட் ஹில்பெர்ட் வெள்ளீயத்தில் தட்டை வீரர்களை வார்த்து விற்றார். கல்லில் செதுக்கிய அச்சில் ஊற்றி எடுத்த, தாளைவிடச் சற்றே தடித்த உருவங்கள். 1839இல் அதே நகரில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சனின் நிறுவனம் 30 மில்லிமீட்டர் உயரத்தைப் பரவலாக்கியது. கடைச்சரக்குக்கு நான்கைந்து நிறங்களை வேகமாகப் பூசிவிடுவார்கள். சேகரிப்பாளர் கைக்குப் போனபோதுதான் வேறொன்று நடந்தது. தட்டை உருவத்தில் உடல் திரட்சியே கிடையாது. கன்னமும் தோளும் குதிரையின் வயிறும் உருண்டு தெரிய வேண்டுமானால், நிழலையும் ஒளியையும் ஓவியர்தான் கொண்டுவர வேண்டும். இன்று சிற்றுருவ வண்ணக்கலை எனப்படும் நுட்பங்களில் கணிசமான பங்கு இந்தத் தட்டை உருவங்களின் குறையை ஈடுகட்டுவதில் பயின்றவை என்று கருத இடமுண்டு.

லண்டனில் கதை வேறு. 1893இல் இளைய வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். அச்சில் ஈயக் குழம்பை ஊற்றி, சுவரோடு ஒட்டிய பகுதி உறைந்ததும் நடுவில் உள்ளதைக் கவிழ்த்துவிடுவது. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலை மலிவு. 54 மில்லிமீட்டர் உயரத்தில், பளபளக்கும் எனாமல் பூச்சோடு, சிவப்புப் பெட்டியில் வந்த அந்த வீரர்கள் ஜெர்மன் சரக்கோடு போட்டியிட்டு வென்றார்கள். ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் ஆட்டம் இவர்களை வைத்துத்தான். வில்விசைப் பீரங்கியால் மரக்குண்டை எறிந்து வீரர்களைச் சாய்ப்பது அதன் உயிர். கடையில் வாங்கிய நிறத்தோடேயே வீரர் களத்துக்குப் போனார்.

இந்த மரபு விட்டுச்சென்ற நிலைப்பாடு: பொம்மை பொம்மையாகத் தெரியட்டும். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் பிரிகேடியர் பீட்டர் யங், சார்லஸ் கிராண்ட் முதலியோர் எழுதிய ஆட்ட நூல்களில் இதன் பெருமிதமான வடிவத்தைக் காணலாம். கிராண்டின் காலாட்படைப் பிரிவில் சாதாரண வீரர்கள் மட்டுமே 48 பேர். நீண்ட வரிசை, தட்டையான பூச்சு, மேலே பளபளப்பு வார்னிஷ். இன்றும் ‘பழைய பாணி’ என்ற பெயரில் இதைப் பின்பற்றும் குழுக்கள் உள்ளன. ஏக்கம்தான் இதற்கு அடிப்படை என்று ஒதுக்குவது எளிது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் நாற்பது பேர் ஒரே நிறத்தில் ஒரே நிலையில் நிற்கும்போது எழும் தோற்றம், நாற்பது தனித்தனிச் சிற்பங்கள் தருவதிலிருந்து வேறுபட்டது. அணி என்பது சீரில் பிறப்பது. பழைய பாணிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆய்வாளரின் தூரிகை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட மாற்றம் வணிக மாற்றம்; ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் தன்மையையே அது திருப்பியது. கலிஃபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபியும் பிரிட்டனில் மினியேச்சர் ஃபிகரின்ஸ், ஹின்ச்லிஃப் போன்ற நிறுவனங்களும் ஆட்டக்காரர்களுக்கென்றே வார்த்த உருவங்களை வண்ணமின்றி விற்றன. ஏர்ஃபிக்ஸ் 1959 முதல் மென்பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாக, மலிவாக, ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ நூல் வந்தபோது வாசகர் கையில் இருந்தவை இவையே. முன்பு தொழிற்சாலைப் பெண்கள் செய்த வண்ணம் தீட்டும் வேலை, வாங்கியவரின் சாப்பாட்டு மேசைக்கு இடம்பெயர்ந்தது. ஏர்ஃபிக்ஸின் பிளாஸ்டிக் வளையும். வளைந்தால் எனாமல் உரிந்து விழும். அந்தத் தலைமுறையின் அங்கலாய்ப்புகளில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

தானே பூச வேண்டும் என்றானதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: என்ன நிறம்? வாட்டர்லூவில் நின்ற பிரிவின் கழுத்துப்பட்டி மஞ்சளா, பச்சையா? சீருடை ஆராய்ச்சி ஒரு தனித் துறையாக வளர்ந்தது. 1971இல் தொடங்கிய ஆஸ்ப்ரேயின் ‘மென்-அட்-ஆர்ம்ஸ்’ வரிசை நூல்கள் வண்ணப் படங்களோடு அந்தப் பசிக்குத் தீனி போட்டன. வண்ணம் தீட்டுவது வரலாற்றுப் படிப்பின் ஒரு வகை என்ற நிலைப்பாடு இங்கே உருவாகிறது. மரியாதைக்குரிய நிலைப்பாடு. ஒரு படையைத் தீட்டி முடித்தவர் அதன் பிரிவுகள், தலைவர்கள், தளவாடங்கள் பற்றி ஒரு பாடப்புத்தகம் தராத நெருக்கமான அறிவைப் பெற்றுவிடுகிறார்.

பலவீனம் அதன் சான்றுகளில் இருக்கிறது. சீருடை விதிகள் சொல்வது அணிவகுப்பு மைதானத்தின் நிறம். போர்க்களத்தில் இருந்தது வெயிலிலும் மழையிலும் வெளுத்த, ஒட்டுப்போட்ட துணி. பிரிட்டிஷ் அதிகாரியின் பளிச்சென்ற சிவப்பு வேறு. மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் சாயமேற்றிய சாதாரண வீரரின் மங்கிய சிவப்பு வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்தரப்பு வீரர்கள் சாம்பல் நிறம் அணிந்தார்கள் என்பது பாதி உண்மை. வீட்டுச் சாயத்தில் பழுப்பேறிய சட்டைகளே பல பிரிவுகளில் மிகுதி.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு இங்கே உண்டு. 1803இல் ஆர்தர் வெல்லஸ்லி மராட்டியரோடு பொருதிய அசாயே போர், காலனியப் போர்களை ஆடுவோரிடையே பிடித்தமான களம். வெல்லஸ்லியின் காலாட்படையில் பெரும்பகுதி சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். அவர்களைத் தீட்ட விரும்பும் ஒருவருக்குக் கிடைக்கும் சான்றுகளில், கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் வரைந்த சிப்பாய்ப் படங்களும் அடங்கும். சிவப்புச் சட்டை, அரைக்கால் சராய், வெறுங்காலோ செருப்போ. அந்தப் படங்களும் விலைக்கு வரையப்பட்டவை, ஒரு வகைமாதிரியைக் காட்டுபவை. அசாயேவின் சேற்றில் அந்தச் சிப்பாய் எப்படி இருந்தார் என்பதை அவை சொல்லிவிடுவதில்லை. சரியான நிறம் என்று ஒன்றைத் தேடலாம். கிடைத்துவிட்டது என்று சொல்வதில்தான் தயக்கம் வேண்டும்.

கண்ணை வரைவதா, விடுவதா

இந்தத் துறையின் ஓயாத சண்டை சிற்றுருவத்தின் கண்ணைப் பற்றியது. வெள்ளை விழியும் கருமணியும் வைக்க வேண்டுமா? கால் மில்லிமீட்டர் புள்ளி பற்றிய இந்த விவாதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முழுக் கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இயற்கைவாதிகளின் கணக்கு இது. 28 மில்லிமீட்டர் உருவம் உண்மை மனிதரில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அதை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, மனிதர் ஒருவரை 60 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் யாருடைய கருமணியும் நமக்குத் தெரிவதில்லை. கண் இருக்குமிடத்தில் ஒரு நிழல் மட்டும் தெரியும். ஆகவே கண் வேண்டாம், பொத்தானுக்கு விளிம்பு வேண்டாம், நிறத்தையும் சற்று வெளிறச் செய்ய வேண்டும். 6 மில்லிமீட்டர் உருவத்துக்கு இதே கணக்கில் தொலைவு 300 மீட்டரை நெருங்குகிறது. அங்கே முகமே ஒரு புள்ளிதான்.

மிகைவாதிகள் ஒளியிலிருந்து தொடங்குகிறார்கள். உண்மை மனிதர் மேல் விழுவது சூரிய ஒளி; அது கூர்மையான நிழல் தரும். சிற்றுருவத்தின் மேல் விழுவது அதன் உயரத்தைப்போல் நாற்பது மடங்கு நீளமுள்ள டியூப் லைட்டின் ஒளி. நாலாபுறமும் பரவி வரும் அந்த வெளிச்சத்தில் மடிப்புகளின் நிழல் கரைந்துவிடும். போதாக்குறைக்கு, அச்சிலிருந்து கழற்ற வசதியாக மடிப்புகளின் ஆழத்தையும் குறைத்தே செதுக்குகிறார்கள். ஆகவே நிழலைத் தீட்டித்தான் கொண்டுவர வேண்டும். மேடுகளை வெளுப்பாக்கித்தான் எடுத்துக்காட்ட வேண்டும். கூத்தில் முகத்துக்குத் தடித்த கோடும் அழுத்தமான நிறமும் பூசுவது எதற்காகவோ அதற்காகவே இதுவும். பிரிட்டனில் கெவின் டாலிமோர் பரப்பிய முறை இதற்கு நல்ல சான்று: கருப்பு அடிப்பூச்சு, அதன்மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் கருமை, நடுத்தரம், வெளுப்பு என்று மூன்று படிகள், நிறங்கள் சந்திக்குமிடத்தில் கருப்புக் கோடு அப்படியே விடப்படும். கையில் எடுத்துப் பார்த்தால் முரட்டுத்தனம். மேசையில் வைத்தால் ஒவ்வொரு வீரரும் தெளிவாக எழுந்து நிற்கிறார்.

இயற்கைவாதிகளின் கணக்கு சரியானது. அதிலிருந்து பெறும் முடிவுதான் சறுக்குகிறது. 60 மீட்டர் தொலைவில் கண் மட்டுமா தெரியாது? சட்டை மடிப்பும் வாரின் கொக்கியும்கூடத்தான் தெரியாது. வாதத்தைக் கடைசி வரை பின்பற்றினால் செதுக்கியதில் பாதியை மழித்துவிட வேண்டும். நிறம் வெளிறுவதற்குக் காற்றைக் காரணம் காட்டுவதும் வலுவற்றது. தெளிந்த பகலில் 60 மீட்டர் காற்று நிறத்தை மாற்றிவிடாது. தொலைவில் சிறு நிழல்களும் இழைகளும் ஒன்றாகக் கலந்து மங்குவதே காரணமாக இருக்கக்கூடும். மிகைவாதிகள் பக்கமும் ஒரு கேள்வி நிற்கிறது: மிகை எந்தத் தொலைவுக்காக? ஆட்டக்காரர் வீரரை நகர்த்தக் கையில் எடுக்கும்போது தொலைவு 30 சென்டிமீட்டர். கணக்கில் அது 18 மீட்டர் அருகாமை. வைத்துவிட்டு நிமிர்ந்தால் மீண்டும் 60 மீட்டர். ஒரே உருவம் ஒரே மாலையில் இந்த இரண்டு தொலைவுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகப் பேழையில் உள்ள உருவத்துக்கோ சுவரில் தொங்கும் ஓவியத்துக்கோ இந்தச் சிக்கல் இந்த அளவுக்குக் கிடையாது. ‘மூன்றடித் தொலைவில் நன்றாக இருந்தால் போதும்’ என்பது இந்தத் துறையில் புழங்கும் பேச்சு. சோம்பேறிகளின் சமாதானம் என்று அதைச் சிலர் ஒதுக்குவார்கள். முதன்மைத் தொலைவு எது என்று தேர்ந்தெடுத்த முடிவு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

பரிசுக் கோப்பையும் தனி உருவமும்

1975இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும், பிரையன் ஆன்செல் தலைமையில் அதன் துணையாக வந்த சிட்டடல் மினியேச்சர்ஸும் 1983இல் ‘வார்ஹேமர்’ ஆட்டத்தை வெளியிட்டன. கற்பனை உலகங்களுக்குச் சீருடை விதி கிடையாது. பூதத்தின் தோல் இன்ன பச்சை என்று எந்தச் சான்றும் சொல்லாது. வரலாற்றுத் துல்லியம் என்ற அளவுகோல் விலகியதும் அந்த இடத்துக்குத் தொழில்நுட்பத் திறன் வந்து அமர்ந்தது. நிறுவனத்தின் பத்திரிகையான ‘ஒயிட் டுவார்ஃப்’ பக்கங்களில் அதன் ஓவியர் குழு தீட்டிய உருவங்கள் பெரிதாக்கி அச்சிடப்பட்டன. 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ போட்டியில் தலைசிறந்தவருக்கு ஒரு வாளே பரிசு. பிரான்சின் ராக்காம் நிறுவனத்தைச் சூழ்ந்த ஓவியர்களும் ஸ்பெயின் ஓவியர்களும் 1990களின் இறுதி முதல் இன்னும் உயரம் தொட்டார்கள். உலோக நிறப் பூச்சே இல்லாமல், சாதாரண நிறங்களால் மட்டும் வாளின் பளபளப்பை ஏமாற்றிக் காட்டுவது. மேலிருந்து விழும் ஒளியைத் தூரிகையாலேயே நிறுவுவது. ஒரு வாளுக்குள் வானத்தின் நீலமும் மண்ணின் பழுப்பும் பிரதிபலிப்பதைப் பார்த்தால் எவருக்கும் வியப்பு எழும். ஓவியக் கலையில் இதற்கு இடமில்லை என்று யாரேனும் சொன்னால் ஏற்பது கடினம்.

ஆனால் இந்த உயரம் ஒரு விலை கேட்டது. மதிப்பீட்டின் அலகு படையிலிருந்து தனி உருவத்துக்கு நகர்ந்தது. பத்திரிகைப் படத்தில் உருவம் உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். யாரும் மேசையில் காணாத தொலைவு அது. அந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு நூறு வீரர்களைத் தீட்ட உட்காருபவர் ஐந்தாவது வீரரிலேயே தளர்ந்துபோவது இயல்பு. வீடுகளில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குவியல்களுக்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் கலை முகமாக இருந்த ஜான் பிளாஞ்ச், துருவும் அழுக்கும் கலந்த நான்கைந்து மண் நிறங்களுக்குள் படை முழுவதையும் கட்டிப்போடும் எதிர்ப் பாணியைக் காட்டினார். அவரைப் பின்பற்றுவோர் இன்றும் உண்டு. ஒரு படைக்கு ஒரே நிறக்குடும்பம் என்பது பழைய பாணிக்காரர்களின் சீரை வேறு வழியில் மீட்டெடுப்பது.

குறுக்குவழிகளின் நியாயம்

நூறு வீரர்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 200 மணி நேரம். ஆளுக்கு இருபது நிமிடமென்றால் சுமார் 33 மணி நேரம். முதலாவது வேலைக்குப் போகும் ஒருவரின் ஓராண்டு வார இறுதிகள். இரண்டாவது ஒரு மழைக்காலம். வேகமாகத் தீட்டும் முறைகளின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கிடையே நடப்பதே.

பழைய முறை வாஷ். மிக நீர்த்த கருநிறத்தைப் பூசினால் நீரின் பரப்பிழுவிசையால் அது பள்ளங்களில் தேங்கி, மேடுகளை விட்டு விலகும். நிழல் தானாக விழும். உலர்ந்த தூரிகையை மேடுகளில் உரசி வெளுப்பேற்றும் டிரை பிரஷ் இதன் மறுபாதி. 2007இல் தொடங்கிய டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் நிறுவனம் அடர்நிற வார்னிஷில் உருவத்தையே முக்கி உதறும் முறைக்கு ஆயத்தப் பொருளை விற்றது. 2019இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்கள் வந்தன. வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை ஒரே முறை பூசினால், பள்ளத்தில் தடித்துக் கருமையாகவும் மேட்டில் மெலிந்து வெளுப்பாகவும் படிகிறது.

இவை ஏமாற்று வேலை என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு முறையும் எழுந்தது. கை பழகுவதற்கான வாய்ப்பைப் பொருள் பறித்துக்கொள்கிறது என்பது அதன் நியாயமான பகுதி; தட்டையான பெரிய பரப்புகளில் இந்த முறைகள் திட்டுத்திட்டாகக் கறை விடும் என்பதும் உண்மை. மற்றபடி குற்றச்சாட்டு தனி உருவத்தின் அளவுகோலையே படை மேல் சுமத்துகிறது. மேசைத் தொலைவில் வாஷ் விட்ட நிழலுக்கும் மணிக்கணக்கில் இழைத்த நிழலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. முடிக்கப்பட்ட படைகளின் எண்ணிக்கையை இந்தக் குறுக்குவழிகள் கூட்டியிருந்தால் அதுவே அவற்றுக்குப் போதுமான நியாயம்.

கட்டாயமா, விருப்பமா

2020இல் வெளிவந்த வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் ஒன்பதாம் பதிப்பில், வண்ணம் தீட்டிய படைக்கு 100 வெற்றிப் புள்ளிகளில் 10 தரப்பட்டன. நீண்ட காலம் வழக்கமாக இருந்தது விதியாகியது. ஆதரிப்பவர்கள் சொல்வது: இந்த விளையாட்டு இருவர் சேர்ந்து உருவாக்கும் காட்சி, என் படையை நான் தீட்டாமல் வந்தால் எதிராளியின் மாலைப் பொழுதையும் சேர்த்தே குறைக்கிறேன். எதிர்ப்பவர்கள் சொல்வது: கை நடுங்குபவர், பார்வை மங்கியவர், இரண்டு வேலை பார்ப்பவர், தூரிகையில் விருப்பமே இல்லாமல் வியூகத்துக்காக மட்டும் வருபவர் ஆகியோரை இது வாசலிலேயே நிறுத்திவிடும்.

முதல் வாதம் அழகியலைப் பொறுத்தவரை சரி. அதைப் புள்ளிகளாக மாற்றுவதில்தான் தவறு நேர்கிறது என்பேன். விருந்தோம்பலைக் கேட்கலாம், எதிர்பார்க்கலாம். மதிப்பெண் போட்டால் அது வேறொன்றாகிவிடும். கண்காட்சிகளும் போட்டிகளும் தமக்கென்று நிபந்தனை வைப்பது வேறு. நண்பர் வீட்டு மேசைக்கு அந்த விதி பொருந்தாது.

யாருடைய கை

வண்ணம் தீட்டுவதன் இன்பம் செய்வதில் இருக்கிறதா, வைத்திருப்பதில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் தந்த பதில்கள் பிரிகின்றன. ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இல் முன்வைத்த ‘தீவிர ஓய்வு’ என்ற கருத்து, விடாமுயற்சியும் படிப்படியான தேர்ச்சியும் உள்ள பொழுதுபோக்கு ஒருவருக்குத் தொழில் தராத அடையாளத்தைத் தரும் என்கிறது. தியோடர் அடோர்னோ 1969இல் ஓய்வு நேரம் பற்றி ஆற்றிய உரையில் பொழுதுபோக்குகளை ஐயத்தோடு பார்த்தார். அவை வேலையின் நிழல்கள், வேலையின் ஒழுங்கையே வீட்டுக்குள்ளும் கொண்டுவருபவை. ஸ்டீவன் கெல்பரின் 1999ஆம் ஆண்டு ஆய்வும் அமெரிக்கப் பொழுதுபோக்குகளில் உழைப்பு விழுமியங்கள் ஊறியிருப்பதைக் காட்டுகிறது. இரவில் இருபது ஜோடிக் காலணிகளுக்கு வரிசையாகக் கருப்பு பூசும் ஒருவரைப் பார்த்தால் தொழிற்சாலை வரிசை நினைவுக்கு வருவதை மறுக்க முடியாது. ஒரு வேறுபாடு உண்டு. அந்த வரிசையின் முடிவில் இருப்பது விற்பனைச் சரக்கல்ல. முழுவதையும் ஒரே பார்வையில் காணக்கூடிய ஒரு படை. மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் சொன்ன கருத்து இங்கே உதவுகிறது: சிறிதாக்கப்பட்ட பொருளில் முழுமையை முதலிலும் பகுதிகளைப் பிறகும் அறிகிறோம்.

இன்பம் செய்வதில்தான் என்றால், முன்கூட்டியே வண்ணம் பூசி விற்கும் உருவங்களுக்குச் சந்தை இருக்கக்கூடாது. இருந்தது. 2000இல் வந்த ‘மேஜ் நைட்’ ஆட்டம் அப்படிப் பூசிய உருவங்களாலேயே பெருவெற்றி கண்டது. வண்ணக்கலையின் உச்சத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ராக்காம் நிறுவனமும் சில ஆண்டுகளில் முன்பூச்சுப் பிளாஸ்டிக் உருவங்களுக்கு மாறியது, 2010இல் மூடப்பட்டது. மூடியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஓவியர்களைக் கொண்டே வளர்ந்த வாடிக்கையாளர் கூட்டத்திடமிருந்து தூரிகையைப் பறித்தது அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் சொல்வது மிகை. மறுபக்கம், தூரிகையை வாங்கியவர் கையில் விட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இன்னொரு வழி, பிறரைக் கூலிக்குத் தீட்டச் சொல்வது. இங்கேதான் இந்தக் கதை நம் பக்கம் வருகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆட்டக்காரர்கள் வண்ணமற்ற உருவங்களை இலங்கைக்கு அஞ்சலில் அனுப்பி, தீட்டப்பட்ட படைகளாகத் திரும்பப் பெறுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அங்குள்ள பட்டறைகளில் நெப்போலியனின் காவல்படையும் ரோமானிய லீஜியன்களும் நூற்றுக்கணக்கில் உருவாகின்றன. தீட்டியவர் பெயர் படைக்குக் கீழே எழுதப்படுவது அரிது. நியூரம்பெர்க்கில் வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தீட்டியவர்களும் லண்டன் தொழிற்சாலையில் தீட்டிய பெண்களும் அப்படித்தான் பெயரின்றிப் போனார்கள். பொழுதுபோக்காளரின் இன்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. கூலிக்குத் தீட்டியவர்களின் கைத்திறனைப் பற்றிய எழுத்து அதனோடு ஒப்பிடச் சொற்பம். இந்தத் துறை பற்றிய எழுத்துகளின் பெரிய குறை இதுவே.

தீராதவை

போரை அழகாக்குவது சரியா என்ற கேள்வியும் உடன் வருகிறது. வெல்ஸ் தம் நூலில் பொம்மைப் போரை உண்மைப் போருக்கு மாற்றாகவே முன்வைத்தார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. பூசிய படை பூசாத படையைவிடப் போரைப் புகழ்கிறதா என்பதை வண்ணத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் மங்கிய சாயமும் ஒட்டுப்போட்ட சட்டையுமாகத் தீட்டுபவர், புத்தம்புதுச் சீருடையில் தீட்டுபவரைவிடப் போருக்கு ஓரளவு நேர்மையாக இருக்கிறார் என்று சொல்லலாம்.

தகவல் என்ற விளக்கம் போதாது. துல்லியம் என்ற விளக்கம் தன் சான்றுகளைத் தாண்டிப் பேசுகிறது. திறன் என்ற விளக்கம் உயரத்தைக் காட்டி எண்ணிக்கையை மறக்கிறது. செய்வதன் இன்பம் எவ்வளவு, வைத்திருப்பதன் இன்பம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. அதைப் பொதுவாகத் தீர்க்கும் சான்று இதுவரையான எழுத்துகளில் காணப்படவில்லை. இரண்டு தொலைவுகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் பாணி உண்டா என்பதும் திறந்தே இருக்கிறது. டாலிமோர் வழி ஒரு பதில், பிளாஞ்ச் வழி இன்னொன்று. இரண்டும் எதையோ விட்டுக்கொடுத்தே நிற்கின்றன.

தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக்கூடியது ஒன்று. படையைத் தீட்டுவது தனி உருவத்தைத் தீட்டுவதன் மலிவுப் பதிப்பல்ல. தனக்கென்று தொலைவும் சீரும் பொருளாதாரமும் உள்ள வேறொரு கலை. போட்டி நடத்துவோரும் பத்திரிகைக்காரர்களும் படைகளை மூன்றடி தள்ளி நின்று படமெடுக்கட்டும்; கூலிக்குத் தீட்டியவர் என்றால் அவர் பெயரையும் அந்தப் படத்தின் கீழே போடட்டும்.